செவல்மேட்டில் எல்லாருமே டவுன் பஸ்

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு மெஹருன்னிசா இறங்க வந்த வேகத்தைப் பார்த்து அகத்தியன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டான். இரண்டு கையையும் வாயருகே குவித்து, "பாயின்ட் டு பாயின்ட்! பாயின்ட் டு பாயின்ட்! வழியில எங்கயும் நிக்காது! கோவில்பட்டி எறங்குறவுங்க யாரும் ஏறாதீங்க!" என்று ஒரே கத்தல். கம்பத்துக்காரன். அவன் அப்பா நிஜமாகவே கண்டக்டராம். சொல்லவா வேண்டும்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், இந்தச் செவல்மேட்டு விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்த புதிதில், இறங்கும் வேகத்தைப் பற்றி நான் கத்தாத கத்தல் இல்லை. ஒரு பிள்ளையின் காதிலும் ஏறவில்லை. ஏசினால் உறைக்காதது கேலி பண்ணினால் உறைக்கும் என்று கண்டுகொண்டேன். அன்றிலிருந்து, பறக்காத பிள்ளைகள் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொரு விமானத்துக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து நாட்ஸ், அதாவது மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம், இதுதான் சரியான வேகம். அதற்குப் பேர் டவுன் பஸ். குறைந்தால் மாட்டு வண்டி. இன்னும் குறைந்தால் சவ ஊர்வலம், ஏனென்றால் இறக்கைக்கு அடியில் காற்று நிற்காமல் விமானம் கல்லைப் போல விழும். எழுபத்தைந்தைத் தாண்டினால் பாயின்ட் டு பாயின்ட். எண்பதைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸில் வந்தவர் எல்லாருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். விதிவிலக்கு யாருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

மெஹர் என் மாணவி. இன்றைக்கு அவளைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தலைமைப் பயிற்சியாளர், சீஃப் வைத்தீஸ்வரன், கூட்டிப்போயிருந்தார். அவருக்கு முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாள்.

பிறகு நான் தனியாக ஒரு சுற்றுப் போய் இறங்கினேன். விமானத்தை நிறுத்திவிட்டு வந்தபோது பெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. "என்னடா, தீர்ப்பு எங்க?" என்றேன். அகத்தியன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான். அப்புறம், "டவுன் பஸ் மேம்" என்றான். எட்டு வருஷத்தில் நான் வடை வாங்கியதே கிடையாது.

சாயங்காலம் காப்பி மேசையில் கொட்டிவிட்டது. ஊற்றும்போது இவர், என் வீட்டுக்காரர், டம்ளரை நகர்த்தி வைத்தால் வேறென்ன ஆகும்? நான் நகர்த்தவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

ஜூலை 9, புதன்

வேகமாக வந்தால் விமானம் தரையில் உட்காராது. ஓடுதளத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போகும். நம் ஓடுதளமோ உலகச் சண்டைக் காலத்தில் போட்டது, நீளம் குறைவு. மேற்கு முனை முடிந்த கையோடு கருவேலங்காடு, அதை ஒட்டிக் கல்குவாரிப் பள்ளம். அதனால்தான் வேகத்தைப் பற்றி இவ்வளவு பாடு.

இன்றைக்கு நானும் கொஞ்சம் மிதந்தேன். நேராக மெக்கானிக் செல்லப்பாவிடம் போனேன்.

"அண்ணாச்சி, வேகம் காட்டுற மீட்டர் சரியில்ல. கொறச்சுக் காட்டுது. குளவி கூடு கட்டியிருக்கான்னு, காத்து நுழையுற அந்தக் குழாயப் பாருங்க."

"நேத்துதான் பாத்தேன் மேடம். கூடும் இல்ல, குளவியும் இல்ல."

"இன்னைக்கும் பாருங்க."

கழற்றிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். இன்னொரு மீட்டரோடு வைத்துச் சோதித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுபோல காட்டுது மேடம்" என்றார். அப்படியானால் இரண்டு மீட்டரும் பழுது. நான் அதைச் சொல்லவில்லை. மனிதர் ஏற்கெனவே வெயிலில் வெந்துபோயிருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

கோயில் படியில் கடைசிப் படி இருப்பது தெரியாமல் காலை வைத்துவிட்டேன். கணுக்கால் பிசகவில்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள், எல்லாப் படியும் ஒரே படியாகத் தெரிகிறது. எவன் சொன்னான் படிக்கு வெள்ளையடிக்க? கமிட்டிக்காரர்களிடம் சொல்லச் சொல்லி இவரிடம் சொன்னேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஊரே பார்க்கிறது, என்னங்க இது என்றால் விடவும் இல்லை.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

சீஃப் கூப்பிட்டனுப்பினார். "பியூலா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பசங்க மட்டும் ஏன் இவ்வளவு வேகமா வர்றாங்க? மெஹரை நான் கூட்டிட்டுப் போனேன்ல, எழுபத்தெட்டுல வந்தா. கேட்டா, மேம் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்கன்றா. மத்த ரெண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க. மே மாசம் நல்லாத்தானே எறங்கிட்டிருந்தாங்க?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "சார், காத்துக் காலம். காத்து பொசுக்குன்னு நின்னா வேகம் சட்டுன்னு கொறையும். கையில கொஞ்சம் வேகம் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். பிள்ளைங்க உயிரு முக்கியமா, உங்க பிரேக் முக்கியமா?"

"காத்துக்கு அஞ்சு கூட்டலாம். பதிமூணு கூட்டுவாங்களா?"

"எட்டு வருஷமா நான் ஒரு டயரத் தேச்சது கெடையாது சார்."

பார்த்துக்கோங்க என்று அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். அதற்காக எல்லாம் தெரிந்தவர் என்று ஆகிவிடுமா?

வெளியே வந்த வேகத்தில் பெஞ்சுக்குப் போய்ப் புதுச் சட்டம் போட்டேன். காற்றுக் காலம் முடியும் வரை எண்பது வரைக்கும் டவுன் பஸ்தான், எவனும் பாயின்ட் டு பாயின்ட் என்று வாயைத் திறக்கக் கூடாது. அகத்தியன் தலையைச் சொறிந்தான். "அப்ப எல்லாருமே டவுன் பஸ்ஸா மேம்?" என்றான். ஆமாடா, எல்லாருமே டவுன் பஸ் என்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல செய்திக்குக் கைதட்டியிருக்க வேண்டாமா?

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. நல்ல காற்று. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்கால ஆராதனை முடிந்து, இவருடைய கண்ணாடிக் காதில் கழன்ற திருகாணியைப் போட பஜாருக்குப் போனோம். கடைக்காரர் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைச் சும்மா பார்த்தேன். வலது கண்ணைக் கையால் மூடினால் மூன்றாவது வரிக்குக் கீழே எல்லாம் புகை படிந்தாற்போல் இருந்தது. அட்டையை எந்தக் காலத்தில் அச்சடித்தார்களோ. மங்கிப்போயிருக்கிறது.

வலது கண்ணால் கடைசி வரி வரைக்கும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரிகள் மனசில் ஓடிக்கொண்டே இருக்கின்றன, எனக்குச் சின்ன வயசிலிருந்தே மனப்பாடம் நன்றாக வரும். அடுத்த மாதக் கடைசியில் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அந்த டாக்டர் அறையிலும் இதே அட்டைதான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஸ்கூட்டரை இவர் ஓட்டினார். எதிரே வருகிற லாரி விளக்கெல்லாம் இப்போது என்ன வெளிச்சம்! ஒவ்வொன்றும் முள்முள்ளாகச் சிதறுகிறது. கண்ணைக் கூசவைப்பதற்கென்றே விற்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

மனசு சரியில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் மெஹரோடு போனேன். இந்தச் சின்ன விமானத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். ஆளுக்கொரு கன்ட்ரோல் இருக்கும், ஒருத்தர் இழுத்தால் இரண்டும் சேர்ந்து அசையும். "நான் எறங்கிக் காட்டுதேன், பாத்துக்கோ" என்று நான்தான் ஓட்டினேன். மேற்கே சூரியன் நேராக முகத்தில் அடித்தது. ஓடுதளம் முழுக்கப் பாலைக் கொட்டின மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. இன்னும் பனை உயரம் இருக்கிறது, மூக்கைத் தூக்க நேரம் இருக்கிறது என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

மெஹர் அவசரப்பட்டுக் கன்ட்ரோலை இழுத்துவிட்டாள்.

அவள் இழுத்த அதே நொடியில் டயர் தரையில் தேய்ந்தது. அது என்ன கணக்கோ, தெரியவில்லை. குதித்தது, மறுபடியும் குதித்தது, அப்புறம் ஓடி நின்றது. கருவேலங்காட்டின் முள்ளெல்லாம் தெரிகிற தூரத்தில் நின்றோம்.

"யாரக் கேட்டுட்டி இழுத்த? நான் ஓட்டும்போது கன்ட்ரோல்ல கைய வைப்பியா நீ?" என்று ஏசினேன். நன்றாகவே ஏசினேன். காயல்பட்டினத்துப் பிள்ளை, பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாது. "ஸாரி மேம்" என்றாள்.

அகத்தியன் "டவுன் பஸ்" என்றான், வழக்கமான கத்தல் இல்லாமல், வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி.

ஜூலை 25, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார். "பியூலா, ஒரு மாசமா இருட்டுனா நீ வண்டிய எடுக்க மாட்டேங்க. சாயங்காலம் கடைக்குப் போகணும்னா நடந்து போற. என்னம்மா விசயம்?"

"ஸ்கூட்டர் லைட்டு சரியில்ல."

"லைட்டு நான் மாத்திட்டேன்."

"அப்ப நடக்குறது உடம்புக்கு நல்லதுன்னு வச்சுக்கோங்க."

தவசீலன் வாத்தியாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவோமா?" என்றார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ. என் வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லை, நான் வானத்தில் இருப்பது யாருக்குமே பிடிக்கவில்லை என்று என்னென்னவோ சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வயசில் எங்கள் ஊரில் பொட்டப்பிள்ளைக்கு விமானம் எதற்கு என்று கேட்டவர்களிடம் எனக்காகச் சண்டை போட்ட மனிதர் இவர். அவரிடம் போய் அதைச் சொன்னேன்.

பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுத மாட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் எழுந்தால் ஓர் இலை அசையவில்லை. காற்றாலை எல்லாம் கையை விரித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. ஆடியில் இப்படி ஒரு நாள் வருவது அதிசயம்தான்.

இரண்டு சுற்றுப் போனேன். காற்று இல்லை, வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. அறுபத்தைந்தில்தான் வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன். கடைசி வளைவில் திரும்பியதும் கை தானாகப் பவரைக் கூட்டுகிறது. மெதுவாக வந்தால் தரை எங்கேயோ ஒளிந்து நின்று சட்டென்று மேலே பாய்ந்துவிடும் போல ஒரு நினைப்பு. ஊசி எண்பத்திரண்டைக் காட்டியது. மீட்டரில் குற்றமில்லை என்று செல்லப்பா சொல்லியிருக்கிறார். புதுச் சட்டப்படி பார்த்தாலும் ஆம்புலன்ஸ்.

பெஞ்சின் முன்னால் போய் நின்றேன். "டவுன் பஸ் மேம்" என்றார்கள், எல்லாரும் சேர்ந்து.

பிள்ளைகளுக்கு இன்னும் கண் பழகவில்லை, பாவம். இப்படி எழுதிவிட்டு இந்த வரியை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சீஃப் சென்னைக்குப் போகிறார், செவ்வாய் வருவார். மெஹர் தனியாகப் பறக்க நாள் நெருங்கிவிட்டது. ஒரு பிள்ளையை முதல்தடவை தனியாக அனுப்புவதென்றால், பக்கத்து சீட்டைக் காலியாக விட்டுவிட்டு, நான் தரையில் ரேடியோவோடு நின்று பார்ப்பேன். பயிற்சியாளருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. "நீங்க ரெடின்னு நெனச்சா அனுப்புங்க பியூலா. உங்க முடிவுதான்" என்றார்.

மெஹர் தயார்தான். கெட்டிக்காரி. திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

சீஃப் வரட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் வந்தால் அவரும் பக்கத்தில் நிற்பார், நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் பார்ப்பார். வேண்டாம், திங்கட்கிழமையே அனுப்பிவிடலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே அனுப்பினேன். காற்று அவ்வளவாக இல்லை. மெஹர் தட்டாமாலை சுற்றப்போகிற சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே ஏறினாள். "வாப்பாவுக்கு போன் பண்ணி துஆ கேட்டுட்டேன் மேம்" என்றாள். நன்றாக மேலே ஏறினாள், நன்றாகத் திரும்பினாள். அதுவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கிழக்கிலிருந்து இறங்க வர வேண்டும். கிழக்கே பார்த்துத் திரும்பி நின்றேன். சூரியன் பனைக்கு மேலே நின்றது. அவ்வளவுதான், எனக்கு வானமே இல்லை. வெறும் வெள்ளை. வலது கண்ணைச் சுருக்கினேன், இடது கண்ணை மூடினேன், தொப்பியை இறக்கினேன். அந்த வெள்ளைக்குள் எங்கேயோ என் பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள், எனக்கு அவளைத் தெரியவில்லை.

"அகத்தியா, எப்படிடா வாரா?"

"டவுன் பஸ் மேம்."

எஞ்சின் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது. டயர் தேய்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் வரவில்லை.

"எங்கடா இருக்கா? தொட்டுட்டாளா?"

"இல்ல மேம். மெதந்துக்கிட்டே போறா. பாதிக்கு மேல போயிட்டா..." அவன் குரல் உடைந்தது. "மேம், குவாரி!"

ரேடியோவை வாயருகே கொண்டுபோனேன். ரேடியோவில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று எட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அந்த நேரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. "மெஹர்! எறங்காத! முழுப் பவர் குடு, மேல போ! ஏட்டி, மேல போ!"

எஞ்சின் அலறியது. அகத்தியன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஏறிட்டா மேம். மரத்துக்கு மேல ஏறிட்டா. ஏறிட்டா."

மெஹர் பேசினாள். மூச்சு வாங்கியது. "மேம், நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"என்ன வேகத்துல வந்த?"

"எழுபத்தெட்டு மேம். நீங்க சொன்ன மாதிரிதான்."

நான் சொன்ன மாதிரிதான். அவள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. ஒரு பிள்ளை விமானத்தில் தனியாக இருக்கிறாள், அவளை இறக்க வேண்டிய வேகத்தை நானே அவள் கையிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன்.

அகத்தியன் பக்கம் திரும்பினேன். பெஞ்சில் மற்றப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். "எனக்குக் கண்ணு தெரியலடா" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகவே வந்துவிட்டது. "அவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லணும். என் மூஞ்சிக்காக ஒரு வார்த்தை கூட்டிக் கொறச்சுச் சொல்லாத. புதுச் சட்டமெல்லாம் கெடையாது. பழைய கணக்குல சொல்லு."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி மேம்" என்றான்.

ரேடியோவில் சொன்னேன். "மெஹர், நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். கேட்டியா? மே மாசம் நாம ரெண்டு பேரும் எறங்குனோமே, அது நெனப்பிருக்கா? அறுபத்தஞ்சு."

"இருக்கு மேம். ஆனா ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாளெல்லாம் ஆகல. கை மறக்காது. அறுபத்தஞ்சுக்கு மேல ஒரு பொட்டுக் கூட வேண்டாம், கீழயும் வேண்டாம்."

சுற்றிக்கொண்டு வந்தாள். மறுபடியும் எனக்கு வெள்ளை. கண்ணைத் திறந்து வைத்துப் பிரயோசனம் இல்லை என்று மூடிக்கொண்டேன். அகத்தியன் என் காதுக்குள்ளே சொன்னான், நான் ரேடியோவில் சொன்னேன்.

"பாயின்ட் டு பாயின்ட் மேம். இன்னும் வேகம் இருக்கு."

"மெஹர், மூக்கைக் கொஞ்சம் தூக்கு. வேகத்தக் கொறை."

"கொறையுது மேம், கொறையுது... டவுன் பஸ் மேம். பழைய டவுன் பஸ். இல்ல, இருங்க... மாட்டு வண்டி மேம்! கீழ தணியுறா!"

"பவர் குடு! கொஞ்சமா! மூக்க எறக்கு, மெஹர்!"

"ஆடுது மேம்" என்றாள் மெஹர். அழுகிறாளோ என்று எனக்குப் பதறியது.

"ஆடட்டும். மெதுவா வந்தா அப்படித்தான் ஆடும், பயப்படாத. வேகம் பாத்துச் சொல்லு."

"அறுபத்தாறு. அறுபத்தஞ்சு மேம்."

"அங்கயே நிறுத்து."

அகத்தியன் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவன் கையை இறுக்கினேன். "டவுன் பஸ்" என்றான், கிசுகிசுப்பாக. "ஓடுதளத்து மேல வந்துட்டா மேம். பனை உயரம். வீட்டு உயரம். ஆள் உயரம்..."

"பவரை எடு, மெஹர். மெதுவாத் தூக்கு. தூக்கிக்கிட்டே இரு."

டயர் தேய்ந்தது. ஒரே ஒரு தடவை. கொட்டகையிலிருந்து செல்லப்பா கத்துகிற சத்தமும், பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் கேட்டன. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல்தடவை தனியாகப் பறந்து இறங்கினவர்கள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது எங்கள் வழக்கம். சொட்டச் சொட்ட நனைந்தபடி என் முன்னால் வந்து நின்றாள்.

"மேம், எப்படி எறங்குனேன்?"

எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கிறார்கள்! ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். "தெரியாதுட்டி" என்றேன். "நான் பாக்கல. எனக்குத் தெரியல. ரெண்டு மாசமா இடது கண்ணு சரியில்ல. இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல."

மெஹர் குனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்களுக்குத் தெரியும் மேம்."

நான் அகத்தியனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன மாசம் அந்தச் சாயங்காலம் தரை இடிக்கப் போச்சே, அன்னைக்கு நாங்க பேசி வச்சுக்கிட்டோம் மேம். உங்க கூட யாரு போனாலும் கன்ட்ரோல்ல இருந்து கைய எடுக்கக் கூடாதுன்னு. உங்களுக்குத் தெரியாம லேசாப் பிடிச்சிருப்போம். எறங்குற வரைக்கும்."

"ஏன்ட்டி சொல்லல? சீஃப்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உங்கள ஏறவிட மாட்டாங்கள்ல மேம்" என்றான் அகத்தியன்.

எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அழுதேன். அவர்கள் உயிருக்கு நான் காவல் என்று நினைத்து மேலே கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். அவர்களுக்கு இருபது வயசு, இருபத்தொரு வயசு. இந்த மடத்தனத்தை என் மேல் வைத்த பிரியத்தில் செய்திருக்கிறார்கள். நான் செய்ததற்கு அப்படி ஒரு காரணம் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சீஃப் வந்து பையைக் கீழே வைக்கும் முன்பே போய் நின்றேன். லைசென்ஸை மேசையில் வைத்தேன். மே மாசக் கடைசியிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னேன், கடைக்காரரின் அட்டையை மனப்பாடம் பண்ணினது உட்பட. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என் பிள்ளைங்கன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சுப் பாக்குறேன் பியூலா" என்றார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. மூன்று பிள்ளைகளையும் இனி அவரே கூட்டிப்போய் அறுபத்தைந்தில் பழக்குவார்.

மத்தியானம் இவரோடு கண் டாக்டரிடம் போனேன். இடது கண்ணில் புரை, வலதிலும் தொடங்கியிருக்கிறதாம். இந்த வயசில் வருமா என்றால், சிலருக்கு வருமாம், வெளிச்சத்தில்தான் அதிகம் படுத்துமாம். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். விமானம் திரும்புமா என்பதை மருத்துவ வாரியம்தான் சொல்ல வேண்டும். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் ஊரே பார்க்கிறது என்று சொல்லவில்லை.

ராத்திரி மெஹருடைய வாப்பா காயல்பட்டினத்திலிருந்து போன் பண்ணினார். பிள்ளை தனியாகப் பறந்துவிட்ட சந்தோஷம், குரலே தழுதழுத்தது. "மேடம், பொட்டப்புள்ளய அவ்வளவு ஒசரத்துக்கு அனுப்ப எங்க வூட்டுல எவ்வளவோ யோசிச்சோம். நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்புனேன். எம் புள்ளய பத்திரமா பாத்துக்கிட்டீங்க, அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தத் தரணும்."

"அண்ணாச்சி, நான் பாத்துக்கிடல. உங்க பிள்ளதான் என்னைய பத்திரமா பாத்துக்கிட்டா" என்றேன்.

மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

சிரித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.